நேரத்துக்கும் ரசீது உண்டு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

தொழில்துறைப் பெண்களின் சங்கங்களை நடத்துவதில் உள்ள சிக்கல்களை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர், தணிக்கையாளர், செவிலியர் எனப் பல துறைகளிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. வங்கிப் பணியில் இருந்தபோதும் ஓய்வுக்குப் பின்னரும் ஒரு மகளிர் சங்கத்தில் ஆறு ஆண்டுகள் பொருளாளராகவும் மூன்று ஆண்டுகள் செயலாளராகவும் இருந்தவள் என்ற அளவில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கடிதம் எழுதியவர்களின் பெயரைத் தவிர்த்து, ஊரையும் தொழிலையும் மட்டும் வெளியிடுகிறோம்.

கேள்வி: எங்கள் சங்கத்தில் 140 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். எந்த நிகழ்ச்சி என்றாலும் ஐந்து பேர்தான் ஓடியாடி வேலை செய்கிறோம். வாட்ஸ்அப் குழுவில் "விருப்பமுள்ளவர்கள் முன்வரலாம்" என்று அறிவித்தால் கைகூப்பும் படங்களும் கட்டைவிரல் படங்களும் வந்து குவிகின்றன. நிகழ்ச்சியன்று ஆளைக் காணோம். படித்த பெண்களுக்கே பொறுப்பு இல்லையே என்று வருத்தமாக இருக்கிறது.
(சங்கச் செயலாளர், தணிக்கையாளர், கோவை)

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானதுதான். ஆனால் பழியை எடுத்த எடுப்பில் மற்ற 135 பேர் மீதும் போட்டுவிடாதீர்கள். "விருப்பமுள்ளவர்கள்" என்று பொதுவாகக் கேட்டால், பக்கத்தில் இருப்பவர் போவார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வது இயல்பு. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. வேலை என்ன, எத்தனை மணி நேரம், எந்த நாளில் முடியும் என்று தெரியாமல் ஒரு பெண் தலையாட்டினால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும். சிறப்பு விருந்தினரை ரயில் நிலையத்திலிருந்து அழைத்து வருவதாக மட்டும் ஒப்புக்கொண்டவர், வழியில் சால்வை வாங்கி, கேடயத்தில் பெயர் பொறித்தாயிற்றா என்று கடைக்காரரிடம் நாலு முறை பேசி, கடைசியில் மண்டப வாசலில் நாற்காலி வாடகைக்காக வாக்குவாதம் செய்துகொண்டு நிற்பார். அடுத்த முறை அவர் கைகூப்பும் படத்தோடு நிறுத்திக்கொண்டால் அதைப் பொறுப்பின்மை என்று நான் சொல்ல மாட்டேன்.

நான் செயலாளரான முதல் ஆண்டில் உங்களைப் போலவே புலம்பிக்கொண்டிருந்தேன். பிறகு உறுப்பினர் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, நாளுக்கு மூன்று பேராகத் தொலைபேசியில் பேசத் தொடங்கினேன். இரண்டு ஆண்டுகளாக ஒரு கூட்டத்துக்கும் வராத பல் மருத்துவர் ஒருவர் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது: "நீங்க கூட்டம் வைக்கிற ஆறு மணிதான் எனக்குப் பேஷன்ட் வர்ற நேரம். உனக்கு எந்த நேரம் தோதுப்படும்னு இதுவரைக்கும் யாருமே என்கிட்ட கேட்டதில்லை, அக்கா." அவரோடு இன்னும் பன்னிரண்டு பேர் இதே காரணத்தைச் சொன்னார்கள். மாதக் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மாற்றி, பதினொன்றரை அடித்ததும் பேச்சைப் பாதியில் நிறுத்தியாவது முடித்துவிடுவது என்று தீர்மானித்தோம். பின்னர் மூன்று அரசுப் பள்ளிகளில் பல் பரிசோதனை நடத்தியவர் அந்தப் பல் மருத்துவர்தான்.

இன்னொன்றும் செய்தோம். இருநூறு பக்க நீள நோட்டு ஒன்று வாங்கி, பெயர், வேலை, சொன்ன நேரம், உண்மையில் ஆன நேரம் என்று நான்கு கட்டம் போட்டு எழுதி வந்தோம். 500 ரூபாய் சந்தா கொடுத்தவருக்கு எண்ணிட்ட ரசீது கொடுத்து, அதை ரொக்கப் புத்தகத்தில் ஏற்றி, ஆண்டு முடிவில் தணிக்கையும் செய்கிறோம். ஐம்பது மணி நேரம் கொடுத்தவருக்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாதே என்ற உறுத்தலில்தான் அந்த நோட்டைத் தொடங்கினோம். மூன்று மாதம் கழித்துக் கூட்டிப் பார்த்தபோது எங்களுக்கே வெட்கமாகிவிட்டது. எங்கள் உழைப்பில் பெரும்பங்கு, மேடையில் யாருக்கு அடுத்து யார் என்ற பெயர் வரிசையைத் திருத்தித் திருத்தி அழைப்பிதழை ஏழு முறை அச்சகத்துக்கு அனுப்பியதில் கரைந்திருந்தது. சேவை என்று சொல்லத்தக்கதற்குப் போன நேரம் அதில் பாதிகூட இல்லை. நீங்கள் தணிக்கையாளர், இப்படி ஒரு பேரேட்டைப் படிக்க உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி, ஆளைக் கேட்கும் முறைக்கு வருகிறேன். ஒருவரிடம், தனியாக, அளவு சொல்லிக் கேளுங்கள். "14-ஆம் தேதி சனிக்கிழமை காலை ஒன்பது முதல் பதினொன்று வரை, அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவியர் நாற்பது பேருக்கு, வித்யாலட்சுமி இணையதளத்தில் கல்விக் கடனுக்கு விண்ணப்பிப்பது எப்படி என்று சொல்லித்தர வேண்டும், தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கிவிட்டோம், கணினி அறையையும் பார்த்துவிட்டோம், அன்றைக்கு இதைத் தவிர வேறு வேலை எதுவும் உங்களிடம் சொல்ல மாட்டோம்" என்று கேட்டுப் பாருங்கள். முடியாது என்பவரும் உடனே முடியாது என்று சொல்லிவிடுவார், அதுவும் நல்லதே. முக்கியமாக, சொன்ன சொல்லை நீங்கள் காப்பாற்ற வேண்டும். பதினொன்று அடித்ததும் அவரை அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் தலைவர் பதினொரு ஆண்டுகளாக அதே பதவியில் இருக்கிறார். மிகவும் நல்லவர், சங்கத்தை வளர்த்தவரும் அவரே. ஆனால் புதியவர்களுக்கு வழியில்லை. "வேறு யாராவது ஏற்றுக்கொண்டால் இன்றைக்கே விலகிவிடுகிறேன்" என்று ஒவ்வொரு பொதுக்குழுவிலும் சொல்கிறார், யாரும் எழுந்திருப்பதில்லை. சட்டப்படி என்ன செய்யலாம்?
(வழக்கறிஞர், திருநெல்வேலி)

பதில்: வழக்கறிஞரே சட்டம் கேட்டால் எச்சரிக்கையாகத்தான் பதில் சொல்ல வேண்டும். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி செயற்குழுவின் ஒரு பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேற்படக் கூடாது. ஆனால் அதே நபர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படுவதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. ஆகவே பொதுக்குழுவைக் கூட்டி முறையாகத் தேர்தல் நடத்தியிருந்தால் பதினொரு ஆண்டுகள் என்பது மட்டுமே குற்றமாகாது. தொடர்ந்து இரண்டு பதவிக்காலத்துக்கு மேல் ஒருவர் அதே பதவியில் இருக்கலாகாது என்று உங்கள் துணைவிதியில் நீங்களே சேர்த்துக்கொள்ளலாம். அதற்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். வந்திருந்து வாக்களிப்போரில் நான்கில் மூன்று பங்கினர் ஆதரிக்க வேண்டும். திருத்தத்தைப் பதிவாளரிடம் பதிவு செய்யவும் வேண்டும். அதை அவர் பதவியில் இருக்கும்போதே, அவர் தலைமையிலேயே, அவரையே முன்மொழியச் சொல்லிச் செய்வது நாகரிகம். அவருக்கு எதிரான ஏற்பாடு என்ற பேச்சு எழாது.

ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது, யாரும் எழுந்திருப்பதில்லை என்ற வரி. ஏன் எழுந்திருப்பதில்லை? பதினொரு ஆண்டுகளாகத் தலைவரின் தலைக்குள்ளேயே இருக்கும் சங்கத்தை யார் துணிந்து வாங்கிக்கொள்வார்கள்? மண்டபத்துக்கு யாரிடம் பேசினால் வாடகை குறையும், எந்த நன்கொடையாளருக்குத் தீபாவளிக்கு முன் கடிதம் போக வேண்டும், எந்த அரசு அலுவலகத்தில் எந்த இருக்கைக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மட்டுமே தெரிந்திருக்கிறது. எழுதிவைக்காத வரையில் அந்தப் பதவியைப் பார்த்தால் பயம்தான் வரும்.

எங்கள் சங்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், குற்றம் என்னுடையதும்தான். எனக்கு முன் செயலாளராக இருந்தவர், மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூரு போய் அங்கேயே தங்கிவிட்டார். வங்கிக் கணக்கு, மின்னஞ்சல், வருமான வரி இணையதளம் மூன்றுமே அவருடைய கைப்பேசி எண்ணில்தான் பதிவாகியிருந்தன. ஒவ்வொரு முறையும் நான் இங்கே பொத்தானை அழுத்திவிட்டுப் பெங்களூருக்குக் கூப்பிடுவேன், அவர் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பார், ஓடிபி காலாவதியாகிவிடும். பொறுப்பேற்ற அன்றே கேட்டு வாங்கியிருக்க வேண்டியதை எட்டு மாதம் கழித்தே மாற்றினேன். அன்றிலிருந்து சங்கத்தின் பெயரில் தனியாக ஒரு சிம் கார்டு வைத்திருக்கிறோம். அது பதவிக்கு உரியது, ஆளுக்கு உரியதன்று.

எனவே தேர்தலுக்கு ஓராண்டுக்கு முன்பே அடுத்த தலைவரைத் துணைத் தலைவராக அமர்த்தி, எல்லாக் கடிதங்களிலும் பேச்சுவார்த்தைகளிலும் உடன் இருக்கச் செய்யுங்கள். பதிவுச் சான்றிதழ், துணைவிதிகள், நடவடிக்கைக் குறிப்பேடு, உறுப்பினர் பதிவேடு, ரொக்கப் புத்தகம், பான் அட்டை, காசோலைப் புத்தகம், பீரோ சாவி ஆகியவற்றைப் பட்டியலிட்டு, கொடுத்தவரும் வாங்கியவரும் கையெழுத்திட்டு, அந்தப் பட்டியலைக் குறிப்பேட்டிலேயே ஒட்டிவிடுங்கள். நிர்வாகிகள் மாறிய விவரத்தைப் படிவம் 7-இல் பதிவாளருக்குத் தெரிவிக்க மறந்துவிடாதீர்கள். மறந்தால், புதியவர் கையெழுத்திட்ட காசோலைக்கு வங்கி மேலாளர் விளக்கம் கேட்பார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அப்படிக் கேட்டவள் நான் என்பதால் சொல்கிறேன்.

விலகும் தலைவருக்கு ஒரு வேலை வைத்திருங்கள். பதினொரு ஆண்டுகள் ஓடிய மனுஷிக்குத் திங்கட்கிழமை காலையில் திடீரென்று ஒரு தொலைபேசி அழைப்பும் வராமல் போவது கொடுமை.

கேள்வி: எங்கள் நிறுவனப் பெண் பொறியாளர்கள் அமைப்பில் மார்ச் 8 வந்தால் கோலப் போட்டி, சமையல் போட்டி, "சாதனைப் பெண்" விருது என்று முடிந்துவிடுகிறது. ஒரு தொழில்முறைச் சங்கத்தால் இதைத் தாண்டி ஏதாவது சாதிக்க முடியுமா? முடிந்திருக்கிறதா?
(மென்பொருள் பொறியாளர், சென்னை)

பதில்: நீங்கள் சென்னையில் இருப்பதால் அடையாறுப் பக்கம் ஒருமுறை போய்வரச் சொல்வேன். அங்குள்ள புற்றுநோய் மருத்துவமனையின் ஆங்கிலப் பெயர்ப் பலகையில், பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் டபிள்யூ.ஐ.ஏ. என்று மூன்று எழுத்துகள் இருக்கும். எத்தனையோ பேர் அதைப் படித்தபடி உள்ளே போகிறார்கள். அது ஒரு பெண்கள் சங்கத்தின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது. இந்திய மாதர் சங்கம் 1917 மே மாதம் அதே அடையாறில் தொடங்கப்பட்டது. அன்னி பெசன்ட் தலைவர். மார்கரெட் கசின்ஸும் டாரதி ஜினராஜதாசாவும் முன்னின்று நடத்தினார்கள். தொடங்கிய ஆண்டு டிசம்பரிலேயே, பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு, பிரிட்டிஷ் அரசில் இந்தியாவுக்குப் பொறுப்பான அமைச்சர் மாண்டேகுவைச் சென்னையில் சந்தித்த தூதுக்குழுவின் பின்னணியில் இருந்தது இந்தச் சங்கம். 1921-இல் சென்னைச் சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கத் தீர்மானித்தது. அடுத்த கட்டமாக, 1926-இல் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பின்னாலும் இந்தச் சங்கமே நின்றது.

முத்துலட்சுமியின் தங்கை புற்றுநோயால் இறந்தவர். அந்த நோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று அவர் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் மாதர் சங்கத்தின் பெயரில் நிவாரண நிதி திரட்டி, 1952-இல் நேருவைக் கொண்டு அடிக்கல் நாட்டி, 1954 ஜூன் 18 அன்று பன்னிரண்டு படுக்கைகளோடு மருத்துவமனையைத் தொடங்கினார்கள். அன்று தொடங்கிய இடத்துக்குத்தான் இன்று நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் ரயிலேறி வருகிறார்கள். முத்துலட்சுமி மருத்துவர் என்பதால் என்ன தேவை என்பது தெரிந்திருந்தது. மருத்துவர் அல்லாத உறுப்பினர்கள் பணம் திரட்டினார்கள், கடிதம் எழுதினார்கள், வீடு வீடாகப் போனார்கள். தொழில் அறிவும் சங்க உழைப்பும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

உங்கள் துறையிலும் ஒருவரைச் சொல்கிறேன். கிண்டி பொறியியல் கல்லூரியில் 1943-இல் மின்பொறியியல் பட்டம் பெற்ற ஏ. லலிதா, நாட்டின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவர். பதினெட்டு வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு படித்தவர். 1964-இல் நியூயார்க்கில் பெண் பொறியாளர்கள், அறிவியலாளர்களின் முதல் பன்னாட்டு மாநாடு நடந்தபோது அவரை அழைத்தார்கள். திரும்பி வந்தவர், அடுத்த ஆண்டு லண்டனிலுள்ள பெண் பொறியாளர் சங்கத்தின் உறுப்பினராகி, 1967-இல் கேம்பிரிட்ஜில் நடந்த இரண்டாம் மாநாட்டுக்கு இந்தியாவிலிருந்து ஆட்களைத் திரட்டும் பொறுப்பையும் ஏற்றார். மின்னஞ்சல் இல்லாத அந்தக் காலத்தில், நாடெங்கும் சிதறிக் கிடந்த பெண் பொறியாளர்களுக்குத் தெரிவிக்கக் கடிதப் போக்குவரத்தைத் தவிர வேறு வழி ஏது?

கோலப் போட்டியை நான் இளப்பமாகப் பேச மாட்டேன். அதில்தான் கணக்குப் பிரிவுப் பெண்ணும் ஆய்வகப் பெண்ணும் முதல்முறையாகப் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் அன்றைக்கு வந்தவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு எழுதி வாங்குங்கள்: மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பியபோது உங்களுக்குக் கிடைக்காமல் போன வேலை எது? வருகிற பதில்களைத் தொகுத்தாலே உங்கள் அமைப்புக்கு ஓராண்டுக்கான வேலை கிடைத்துவிடும்.

கேள்வி: மருத்துவ முகாம் நடத்தினோம், 300 பெண்கள் வந்தார்கள், செய்தித்தாளில் படமும் வந்தது. ஆறு மாதம் கழித்து விசாரித்தபோது, மேல்சிகிச்சைக்குப் போகச் சொன்ன 22 பேரில் நான்கு பேர்தான் போயிருந்தார்கள். எங்கே தவறினோம்?
(மகப்பேறு மருத்துவர், மதுரை)

பதில்: ஆறு மாதம் கழித்தாவது விசாரித்தீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். முகாமில் மருத்துவர்கள் தேவைக்கு அதிகமாகவும், மற்ற வேலைக்கு ஆட்கள் தேவைக்குக் குறைவாகவும் இருந்திருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். சந்தேகத்துக்குரிய கட்டி இருப்பதாகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தால், அந்தப் பெண் எந்தக் கிழமை, எந்தக் கட்டடம், எந்த அறைக்குப் போக வேண்டும்? ஒருநாள் கூலியை இழந்து போகிறவர், இன்று அந்தப் பிரிவு இல்லை என்று கேட்டுத் திரும்பினால் மறுபடி போவாரா? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரக் குடும்ப அட்டையோடு வருமானச் சான்றும் கேட்பார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அதை வாங்கித் தர உங்கள் சங்கத்தில் யார் இருந்தார்கள்? அடுத்த முகாமுக்கு மூன்று மருத்துவர்களைக் குறைத்துக்கொண்டு, ஓய்வுபெற்ற வட்டாட்சியர் அலுவலக உதவியாளர் ஒருவரையும், தொலைபேசியில் பொறுமையாகப் பேசத் தெரிந்த இருவரையும் சேருங்கள். 22 பேரை ஆளுக்கு இருவராகப் பதினோரு உறுப்பினர்களிடம் ஒப்படைத்து, முதல் முறை மருத்துவமனைக்குக் கூடவே போய்வருவது வரை அவர்கள் பொறுப்பு என்று சொல்லிவிடுங்கள். செய்தித்தாளில் படம் வராத வேலை இது. ஆள் கிடைப்பது சிரமம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: எங்கள் சங்கத்தைச் சேர்ந்த என்னை, ஒரு தொழிற்சாலையின் பாலியல் துன்புறுத்தல் புகார்க் குழுவுக்கு வெளி உறுப்பினராக அழைத்திருக்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா? சங்கத்திடம் அறிக்கை கொடுக்க வேண்டுமா?
(மனிதவள ஆலோசகர், ஓசூர்)

பதில்: தாராளமாக ஒப்புக்கொள்ளுங்கள். ஒரு தொழில்முறை மகளிர் சங்கம் செய்யக்கூடிய சேவைகளில் இதை நான் முதல் வரிசையில் வைப்பேன். பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களில் இத்தகைய புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதன் தலைமை அங்குள்ள மூத்த பெண் அலுவலரிடம் இருக்க வேண்டும். உறுப்பினரில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். பெண்களின் நலனில் ஈடுபாடுள்ள அமைப்பிலிருந்தோ, இத்தகைய பிரச்சினைகளை அறிந்தவர்களிலிருந்தோ ஒருவர் வெளியிலிருந்து வர வேண்டும். அந்த நாற்காலிதான் உங்களுக்கு. குழுவில் மற்றவர்கள் அனைவரும் அந்த நிறுவனத்தில் சம்பளம் வாங்குபவர்கள். பதவி உயர்வும் இடமாற்றமும் அவர்கள் மனத்தில் ஓடும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை என்பதற்காகத்தான் சட்டம் உங்களை அழைக்கிறது.

அழைப்பைச் சுவரில் ஒட்டும் பட்டியலுக்கு ஒரு பெயர் என்ற அளவில் ஏற்காதீர்கள். விசாரணையைத் தொண்ணூறு நாட்களுக்குள் முடிக்க வேண்டும். விசாரணையில் தலைவர் உட்பட மூவராவது அமர்ந்திருக்க வேண்டும். முடிந்த பத்து நாட்களுக்குள் அறிக்கை நிர்வாகத்துக்குப் போக வேண்டும். புகார் கொடுத்தவர் கேட்டால் விசாரணைக்கு முன் சமரசம் பேசலாம். ஆனால் பணம் கொடுத்து முடித்துக்கொள்வது அந்தச் சமரசத்தின் அடிப்படையாக இருக்க முடியாது. நல்லெண்ணத்தோடு "ஏதாவது கொடுத்துவிட்டால் போயிற்று" என்று யாராவது சொல்வார்கள், அங்கேயே நிறுத்துங்கள். விதிகளின்படி உங்களுக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் படியும் பயணச் செலவும் உண்டு. தொகையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், வாங்கிக் கையெழுத்திடுங்கள். வந்ததற்குச் சாட்சி அது.

சங்கத்திடம் அறிக்கை கொடுக்கவே கூடாது. புகார் கொடுத்தவர், எதிர்த்தரப்பினர், சாட்சிகள் ஆகியோரின் அடையாளத்தையும் நடவடிக்கைகளையும் வெளியிடச் சட்டம் இடம் தரவில்லை. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். மாதக் கூட்டத்தில் தேநீர் வேளையில், "பெயர் சொல்லவில்லை, ஆனால் ஒரு கம்பெனியில்…" என்று தொடங்குவதும் மீறல்தான். ஓசூர் பெரிய ஊரா என்ன? இரண்டாவது வாக்கியத்திலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும். அந்த மாதம் இத்தனை மணி நேரம் கொடுத்தேன் என்பதை மட்டும் சங்க நோட்டில் எழுதுங்கள், போதும்.

கேள்வி: எங்களோடு படித்துத் தற்போது அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்ட தோழி, மாணவியருக்கு உதவித்தொகை வழங்க எங்கள் சங்கக் கணக்கில் பணம் போடுவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?
(கல்லூரிப் பேராசிரியர், நாகர்கோவில்)

பதில்: உங்கள் சங்கம் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ பெறவில்லை என்றால் வாங்கக் கூடாது. இங்கே பிறந்து வளர்ந்தவராக இருந்தாலும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டால் அவர் தருவது வெளிநாட்டு நன்கொடைதான். இந்தியக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு அங்கே வேலை செய்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வேறு. அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. பதிவு பெற்றாலும் பணம் முதலில் டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் திறக்கப்படும் கணக்குக்குத்தான் வர வேண்டும். இருபதாயிரம் ரூபாய் உதவித்தொகைக்காக இத்தனையும் தேவையா என்பதைச் செயற்குழு யோசிக்கட்டும். தோழியிடம் பணத்துக்குப் பதிலாக நேரம் கேளுங்கள். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், காணொளியில் இறுதியாண்டு மாணவியர் நால்வருக்கு நேர்முகத் தேர்வுப் பயிற்சி கொடுத்தால் எந்தப் பதிவும் தேவைப்படாது.

கேள்வி: "சம்பளம் இல்லாத வேலைக்கு இத்தனை அலைச்சல் எதற்கு?" என்று வீட்டில் கேட்கிறார்கள். என் மாமியார் எண்பது வயதுக்காரர்; கேள்வியில் கோபத்தைவிடக் களைப்புதான் தெரிகிறது. என்ன பதில் சொல்வது?
(செவிலியர் கண்காணிப்பாளர், தஞ்சாவூர்)

பதில்: அவர் கேட்பதில் நியாயம் இருக்கலாம். சென்ற மாதம் சங்கத்துக்கு எத்தனை மாலைப் பொழுதுகள் போயின என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை ஆறைத் தாண்டினால், உங்கள் வேலையில் பாதியை வேறொருவர் செய்யாமல் விட்டிருக்கிறார் என்று பொருள். அதைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு உங்கள் தலைவருடையது. சுழல் பணியில் இருக்கும் செவிலியருக்கு இரவுப் பணி முடிந்த மறுநாள் சங்க வேலை கொடுப்பதைத் துணைவிதியிலேயே தடை செய்யலாம் என்பது என் கருத்து. முடிந்தால் மாமியாரை ஒருநாள் கூட்டத்துக்கு அழைத்துப் போங்கள். எங்கள் சங்கத்தில் அப்படி வந்த பாட்டி ஒருவர், யார் சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்று வாசலில் உட்கார்ந்து கணக்கெடுக்கத் தொடங்கிவிட்டார்.

கேள்வி: சங்க வேலையாகப் போய்வரும் ஆட்டோ கட்டணத்தைக் கேட்டு வாங்கக் கூச்சமாக இருக்கிறது. மற்ற நிர்வாகிகள் யாரும் வாங்குவதில்லை.
(இளநிலை வழக்கறிஞர், சேலம்)

பதில்: கட்டாயம் வாங்குங்கள். மற்றவர்கள் வாங்காமல் இருப்பது பெருந்தன்மையாகத் தெரியலாம். ஆனால் அதன் விளைவாக, சொந்தக் காரும் வருமானமும் உள்ளவர்கள் மட்டுமே நிர்வாகியாக இருக்க முடியும் என்று எழுதாத விதி ஒன்று உருவாகிவிடுகிறது. உங்களைப் போன்ற இளையவர்கள் அந்த விதிக்குப் பயந்துதான் ஒதுங்குகிறார்கள். செலவுச் சீட்டை எல்லாரும் எழுத வேண்டும் என்று செயற்குழுவில் தீர்மானம் கொண்டுவாருங்கள். வேண்டாம் என்பவர் தொகையைப் பெற்றுக்கொண்டு, நன்கொடையாகத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளட்டும். அப்போதுதான் ஒரு நிகழ்ச்சிக்கு உண்மையில் எவ்வளவு ஆகிறது என்பது பொருளாளருக்கே தெரியவரும். நாளைக்கே வவுச்சர் புத்தகத்தை எடுத்து, "சட்ட உதவி முகாம், பேருந்து நிலையத்திலிருந்து மகளிர் விடுதி வரை, ஆட்டோ, 80 ரூபாய்" என்று எழுதிக் கையெழுத்திட்டுப் பொருளாளரின் மேசையில் வையுங்கள். முதல் சீட்டு உங்களுடையதாக இருக்கட்டும். இரண்டாவதைத் தலைவரிடம் கேட்டு வாங்குங்கள்.